காசு கொடுத்தவருக்கே கதவு அடைப்பு: விளையாட்டு விதிநூல்களும் பைரசியும் – என்னதான் சிக்கல்?

2009 ஏப்ரல் 6. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ரசிகர்கள் பலருக்கு அமெரிக்க ஆன்லைன் கடை ஒன்றிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. அந்த விளையாட்டின் விதிநூல்களை பி.டி.எஃப் கோப்புகளாக விற்றுவந்த கடை அது. இன்று இரவு 11.59 மணிக்கு மேல் இந்தப் புத்தகங்கள் விற்பனைக்கு இல்லை என்றது முதல் தகவல். அதைவிட அடுத்த தகவல்தான் இடி. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களும் மறுநாள் நண்பகலுக்குள் டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவர்களாலும் எடுக்க முடியாது.

அன்று இமெயில் பார்க்காதவர்கள், பழைய கம்ப்யூட்டர் பழுதாகி மறுபடி டவுன்லோடு செய்யலாம் என்று விட்டுவைத்தவர்கள், ஊரில் இல்லாதவர்கள் எல்லாருக்கும் கதை முடிந்தது. பில் இருக்கிறது, புத்தகம் இல்லை.

இந்த முடிவை எடுத்தது விளையாட்டின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: பைரசி. அன்று தொடங்கிய சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. திருடியவரைத் தடுக்கப் போட்ட பூட்டு, வாங்கியவரின் வாசலில் தொங்குவது எப்படி?

முதல்ல, இது என்ன விளையாட்டு?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடு நினைவிருக்கும். வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கற்பனை அரக்கனோடு சண்டை போடுவார்கள். அவர்கள் ஆடுவதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. முதலில் டி.எஸ்.ஆர் என்ற நிறுவனத்திடம் இருந்தது. அதை 1997-ல் விசார்ட்ஸ் வாங்கியது. விசார்ட்ஸை 1999-ல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது.

ஆட்டம் எப்படி? ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் ஒளிந்துகொள்கிறேன்' என்று வாயால் சொல்லியே ஆடுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை 20 பக்கங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும். கட்டம் போட்ட அட்டை கட்டாயம் இல்லை, காய் கட்டாயம் இல்லை. எந்த மந்திரத்துக்கு என்ன சக்தி, எந்த அரக்கனுக்கு எவ்வளவு பலம் என்று சொல்லும் புத்தகம் மட்டும் கட்டாயம் வேண்டும்.

இங்கதான் மற்ற விளையாட்டுகளுக்கும் இதற்கும் வித்தியாசம். கேரம் போர்டு வாங்கினால் விதி எழுதிய தாள் பெட்டிக்குள் இலவசமாக வரும். அந்தத் தாளை யாராவது ஜெராக்ஸ் எடுத்தால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பலகையும் காயும் இல்லாமல் ஆட முடியாதே. அதனால்தான் பல போர்டு கேம் நிறுவனங்கள் விதிகளைத் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகப் போட்டுவிடுகின்றன. ஆனால் டி அண்ட் டி மாதிரி ஆட்டங்களில் கம்பெனி விற்கும் முக்கியப் பொருளே அந்தப் புத்தகம்தான். கோப்பு கையில் இருந்தால் முழு விளையாட்டும் கையில்.

விலையும் லேசானது இல்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு 49.95 டாலர். கதை நடத்துபவருக்கான கையேடு, அரக்கர்கள் தொகுப்பு ஆகியவையும் தலா அதே விலை. மூன்றும் சேர்த்தால் கிட்டத்தட்ட 150 டாலர்.

விதிக்கு யார் சொந்தக்காரர்?

தாயம், பல்லாங்குழி ஆட யாரும் யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. அப்படியென்றால் விதியை ஒரு கம்பெனி 'என்னுது' என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஆனால் விதியை எழுதிய வாசகத்தைச் சொந்தம் கொண்டாடலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படையே இதுதான்: கருத்துக்குப் பாதுகாப்பு கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கு உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் ஒரு விளையாட்டின் கருத்தோ ஆடும் முறையோ பதிப்புரிமைக்குள் வராது என்று தெளிவாகவே சொல்கிறது. '20 பக்கப் பகடையை உருட்டு, எண்ணைக் கூட்டு, இலக்கைத் தாண்டினால் வெற்றி' என்பதை யார் வேண்டுமானாலும் தங்கள் சொற்களில் எழுதலாம். ஆனால் புத்தகத்தின் வாசகம், படங்கள், கதை, பாத்திரங்கள், பக்க வடிவமைப்பு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து போடுவது எந்த நாட்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பைத் தாண்டிப் போக முடியாது.

இந்தக் கேள்வி இந்திய நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் உருவாக்கிய 'ஸ்கிராபுலஸ்' என்ற ஆன்லைன் சொல் விளையாட்டு ஒருகாலத்தில் ஃபேஸ்புக்கில் சக்கைப்போடு போட்டது. ஸ்கிராபிள் ஆட்டத்தின் அச்சு அசல் என்று சொல்லி, அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே அதன் உரிமையை வைத்திருந்த மேட்டல் நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2008 செப்டம்பரில் வந்த இடைக்கால உத்தரவில், விளையாட்டின் விதியோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும் பலகை அமைப்புக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெயர் விஷயத்தில் மேட்டலுக்கே சாதகம். அது டிரேட்மார்க் பிரச்னை. ஆட்டத்தை ஆடலாம், பெயரை எடுக்கக் கூடாது. அமெரிக்காவில் அதே ஆட்டத்தின் மீது வழக்குப் போட்டது யார் தெரியுமா? நம்ம கதையில் வரும் ஹாஸ்ப்ரோதான்.

2009-ல் நடந்தது என்ன?

டி அண்ட் டி-யின் நான்காம் பதிப்பு 2008 ஜூன் 6-ல் வெளியானது. ஆனால் அதன் புத்தகங்கள் அதற்கு முன்பே, அதாவது கடைக்கு வருவதற்கு முன்பே, கோப்புகளாக இணையத்தில் கசிந்துவிட்டன. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஆண்டு மார்ச் 17-ல் 'ஆட்டக்காரர் கையேடு 2' வந்தது. இந்த முறை அச்சுப் புத்தகத்தோடு பி.டி.எஃப்-பும் விற்பனையில் இருந்தது. கொஞ்ச நாளிலேயே அந்தக் கோப்பு, 'ஸ்கிரிப்ட்' என்ற ஆவணப் பகிர்வுத் தளத்தில் இலவசமாக ஏறியிருந்தது. தளத்திலிருந்து நீக்கப்படுவதற்குள் 2,600-க்கும் அதிகமான முறை டவுன்லோடு ஆனது, 4,200-க்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டது என்று விசார்ட்ஸ் தன் மனுவில் சொன்னது. அமெரிக்கா, போலந்து, பிலிப்பைன்ஸ் நாடுகளைச் சேர்ந்த எட்டு பேர் மீது மூன்று வழக்குகள் பாய்ந்தன.

ஆட்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாட்டர்மார்க். சட்டப்படி விற்கப்படும் ஒவ்வொரு பி.டி.எஃப்-பிலும் வாங்கியவரை அடையாளம் காட்டும் குறியீடு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். சில கடைகள் பக்கத்தின் அடியில் பெயரையும் ஆர்டர் எண்ணையும் வெளிப்படையாகவே அச்சடித்துவிடும். கோப்பு எங்கே போனாலும் வாங்கியவரின் முகவரியும் கூடவே போகும். கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது போலத்தான்.

அதாவது, கசிவு யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்கும் வழி வேலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்றும் தெரிந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இது ஒரு சாதாரண வழக்குச் செய்தி. ஆனால் வழக்குப் போட்ட அதே நேரத்தில், எல்லா பி.டி.எஃப் விற்பனையையும் விசார்ட்ஸ் நிறுத்தியது. புதுப் புத்தகங்கள் மட்டும் இல்லை. 1970-கள், 80-களில் வந்து அச்சில் இல்லாமல் போன பழைய நூல்களையும் சேர்த்துத்தான். அந்த நூல்களைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். அதுவும் மூடிய பிறகு, பழைய நூல் வேண்டும் என்பவருக்கு இரண்டே இடம்: செகண்ட் ஹேண்ட் சந்தை, இல்லாவிட்டால் திருட்டுத் தளம்.

'ஒன்றுக்குப் பத்து' கணக்கு சரியா?

அப்போது விசார்ட்ஸின் தலைவராக இருந்த கிரெக் லீட்ஸ் ஒரு பேட்டியில், சட்டப்படி விற்கும் ஒரு பிரதிக்குப் பத்து திருட்டுப் பிரதிகள் டவுன்லோடு ஆகின்றன என்று சொன்னார். எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பத்தும் கைநழுவிய விற்பனையா?

திருட்டுத் தளங்களில் ஒரு புத்தகத்தை மட்டும் எடுப்பவர் குறைவு. மொத்தமாக ஒரு அலமாரியையே இறக்கி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, திறந்தே பார்க்காதவர்கள் உண்டு. புத்தகம் விற்பனைக்கே வராத நாடுகளில் இருப்பவர்கள் உண்டு. 50 டாலர் என்பது இந்திய மதிப்பில் 4,000 ரூபாய்க்கு மேல். அதை ஒருபோதும் கொடுத்திருக்க முடியாத மாணவர்கள் உண்டு. அச்சுப் புத்தகத்தைக் கடையில் வாங்கிவிட்டு, பையில் சுமக்க வேண்டாமே என்று கோப்பைத் தேடுபவர்களும் உண்டு. இவர்களில் யாரும் நியாயம் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பத்துப் பேரையும் பத்து வாடிக்கையாளர்களாகக் கணக்கில் எழுதினால் அது தப்புக் கணக்கு.

இன்னொன்று, விற்பனையை நிறுத்தியதால் கசிவு நின்றதா என்று பார்த்தால், இல்லை. நான்காம் பதிப்பின் முதல் புத்தகங்கள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே கசிந்ததை மேலே பார்த்தோம். பி.டி.எஃப் விற்காத காலத்தில் வந்த புத்தகங்களும் இணையத்தில் கிடைத்தன. ஒரு அச்சுப் பிரதி, ஒரு ஸ்கேனர், ஒரு சனிக்கிழமை இருந்தால் போதும். சட்டப்படியான கோப்பு இல்லாத நிலையில் திருட்டுக் கோப்புக்குப் போட்டியே இல்லாமல் போனதுதான் மிச்சம்.

அதே 2009-ல் பைஸோ என்ற நிறுவனம் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டைக் கொண்டுவந்தது. தடிமனான அதன் மூல விதிநூலின் பி.டி.எஃப் விலை 9.99 டாலர் மட்டுமே. வாட்டர்மார்க் உண்டு, பூட்டு கிடையாது. விதிகளின் பெரும்பகுதியை இலவசமாகவே இணையத்திலும் போட்டது. 2011-ல், கடை விற்பனையை வைத்து 'ஐசிவி2' என்ற வர்த்தக இதழ் வெளியிட்ட பட்டியலில் பாத்ஃபைண்டர் டி அண்ட் டி-யை முந்தி முதலிடம் பிடித்தது. இதற்கு பி.டி.எஃப் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. நான்காம் பதிப்பின் ஆட்டமுறை பலருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் பெரிய காரணம். ஆனால் இலவசமாகவும் மலிவாகவும் கோப்பு கொடுத்தால் அச்சுப் புத்தகம் விற்காது என்ற பயம் பொய்யானது.

விசார்ட்ஸும் கடைசியில் இறங்கிவந்தது. 2013 ஜனவரியில் பழைய பதிப்புகளின் பி.டி.எஃப்-கள் மறுபடி விற்பனைக்கு வந்தன. நடுவில் கிட்டத்தட்ட நாலு வருஷம் போயிருந்தது.

பூட்டு போட்டா தீராதா?

டி.ஆர்.எம் என்று ஒரு தொழில்நுட்பம் உண்டு. குறிப்பிட்ட மென்பொருளில், குறிப்பிட்ட கணக்கில் மட்டும் கோப்பு திறக்கும்படி பூட்டுவது. இந்தத் துறையின் பெரிய கடையான டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி 2004-ல் தொடங்கியபோது இப்படிப் பூட்டிய கோப்புகளைத்தான் விற்றது. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். விதிநூலை நாவல் மாதிரி ஒருமுறை படித்து மூடிவைக்க முடியாது. ஆட்டத்தின் நடுவே சட்டென்று ஒரு பக்கத்தைத் திறக்கணும், ஒரு தாளை பிரிண்ட் எடுத்து நண்பர் கையில் கொடுக்கணும், லேப்டாப்பிலிருந்து மொபைலுக்கு மாற்றணும். பூட்டு இத்தனைக்கும் குறுக்கே நின்றது. திருட்டுக் கோப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. காசு கொடுத்தவருக்கு மட்டமான சரக்கு, கொடுக்காதவருக்கு நல்ல சரக்கு. கடை பிறகு பூட்டைக் கைவிட்டு வாட்டர்மார்க்குக்கு மாறியது.

சரி, அப்போ யாருக்குமே நஷ்டம் இல்லையா?

இருக்கு. பெரிய கம்பெனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. இந்தத் துறையில் ஹாஸ்ப்ரோ மாதிரி ஒன்றிரண்டு யானைகள்தான். மற்றவர்கள் பெரும்பாலும் ஒருவர், இருவர் நடத்தும் பதிப்பகங்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் எழுதி, ஓவியருக்கு முன்பணம் கொடுத்து, ஒரு 10 டாலர் பி.டி.எஃப் கொண்டுவருகிறவர்கள். டிரைவ்த்ரூவில் வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் விலையில் 70 சதவீதம் கைக்கு வரும், இல்லாவிட்டால் 65. டி அண்ட் டி உலகத்தை வைத்தே எழுதி 'டி.எம்ஸ் கில்ட்' தளத்தில் விற்றால் 50 சதவீதம்தான். சில நூறு பிரதிகள் போனால் அடுத்த புத்தகத்துக்கு ஓவியச் செலவு தேறும். போகாவிட்டால் அடுத்த புத்தகமே இல்லை.

இப்படிப்பட்டவரின் புத்தகம் திருட்டுத் தளத்தில் ஏறினால் அவரிடம் வக்கீல் இல்லை. அமெரிக்காவின் டி.எம்.சி.ஏ சட்டப்படி நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். ஒரு தளத்தில் நீக்கினால் மறுநாள் இன்னொன்றில் முளைக்கும். எழுத வேண்டிய இரவெல்லாம் நோட்டீஸ் அனுப்புவதிலேயே போகும். 'தி ட்ரோவ்' என்ற பெயரில் விதிநூல்களை மலைபோல் குவித்துவைத்திருந்த தளம் ஒன்று பல ஆண்டுகள் ஓடி 2021-ல் முடங்கியது. அங்கே பெரிய நிறுவனத்தின் 50 டாலர் புத்தகமும் தனிநபர் ஒருவரின் 5 டாலர் புத்தகமும் ஒரே அலமாரியில் இருந்தன. 'பணக்காரக் கம்பெனிக்கு என்ன குறைஞ்சிடப் போகுது' என்று சொல்லி எடுத்தவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் எடுத்தார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், நல்ல யோசனைகள் வந்ததும் இந்தச் சின்னப் பதிப்பகங்களிடமிருந்துதான். ஊர்க் கடையில் அச்சுப் புத்தகம் வாங்கினால் பி.டி.எஃப் இலவசம் என்று 2010-ல் சில பதிப்பகங்கள் சேர்ந்து 'பிட்ஸ் அண்ட் மோர்ட்டார்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. கோப்பு வந்தால் கடை மூடும் என்ற கடைக்காரர்களின் பயத்துக்கும் அது பதில். 'ஸ்டார்ஸ் வித்அவுட் நம்பர்' என்ற ஆட்டத்தின் முழு விதிநூலும் இலவசம். கூடுதல் அத்தியாயங்கள் உள்ள பதிப்புக்கு மட்டும் காசு. 'எக்லிப்ஸ் ஃபேஸ்' ஆட்டத்தை அதன் பதிப்பாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள்: லாப நோக்கம் இல்லாமல் யாருக்கும் பகிரலாம், திருத்தலாம். திருட முடியாதபடி செய்ய அதைவிட நேரான வழி இல்லை.

இட்ச் தளத்தில் 'சமூகப் பிரதிகள்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வசதி உள்ளவர் விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால், அந்தக் காசுக்கு இல்லாதவர் ஒருவருக்கு ஒரு பிரதி ஒதுக்கப்படும். காரணம் கேட்க மாட்டார்கள், நிரூபணம் கேட்க மாட்டார்கள். காசில்லாத வாசகர் திருடனாகவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

கோப்பே இல்லை, 'அணுகல்' மட்டும்தான்

பெரிய நிறுவனம் தேடிக்கொண்ட பதில் வேறு. 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அடிப்படை விதிகள் அடங்கிய ஒரு பி.டி.எஃப் இலவசமாகவே வெளியானது. ஆனால் மூன்று மூலப் புத்தகங்களுக்கும் பி.டி.எஃப் விற்பனை கிடையாது. அதற்குப் பதில் 2017-ல் 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற இணையதளம் வந்தது. அங்கே காசு கட்டினால் கோப்பு கைக்கு வராது. லாகின் செய்து உள்ளே போய்ப் படிக்கலாம். பாத்திரத்துக்கான கணக்குகளை அதுவே போட்டுத் தரும். உண்மையிலேயே வசதிதான், அதனால்தான் லட்சக்கணக்கானோர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு கம்பெனி தொடங்கிய அந்தத் தளத்தை வாங்க 14.63 கோடி டாலர் கொடுப்பதாக 2022-ல் ஹாஸ்ப்ரோ அறிவித்தது.

ஆனால் இங்கே வாங்கிய புத்தகத்தை ரோல்20 மாதிரி வேறு தளத்தில் வைத்து ஆட முடியாது. அங்கேயும் தனியாக வாங்கணும். அச்சுப் புத்தகம் ஏற்கெனவே அலமாரியில் இருந்தாலும் சரி. ஒரே புத்தகத்துக்கு மூன்று தடவை காசு கட்டியவர்கள் இந்த ஆட்டக்காரர்களில் சாதாரணம். மூன்றாவது தடவை சலித்துப்போய்த் திருட்டுக் கோப்பைத் தேடினால் அது குற்றம்தான். ஆனால் ஏன் தேடினார் என்பதும் புரியாத ரகசியம் இல்லை.

இந்த 'அணுகல்' எவ்வளவு கெட்டி என்பது 2024 ஆகஸ்டில் தெரிந்தது. புதுப்பித்த கையேடு வரப்போகிறது, அதனால் டி அண்ட் டி பியாண்டின் பாத்திரத் தாள்களில் 2014-ன் மந்திரங்களுக்கும் மாயப் பொருட்களுக்கும் பதிலாகப் புதியவை வந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. பழைய விதிப்படியே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தவர்கள் கொதித்தார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கியதை நீங்கள் எப்படி மாற்றலாம் என்று கேட்டார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. அலமாரியில் இருக்கும் அச்சுப் புத்தகத்தின் பக்கத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் மாற்றி எழுத முடியாது. சர்வரில் இருப்பதை மாற்றலாம்.

கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு சட்டமே கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டப்படி, பின்னால் பறித்துக்கொள்ளக் கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது 'வாங்குங்கள்' என்று மொட்டையாகப் பட்டன் வைக்கக் கூடாது. இது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லணும். நிரந்தரமாக டவுன்லோடு செய்துகொள்ளும் கோப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்லுது?

வெளிநாட்டுப் புத்தகம்தானே என்று நினைக்க வேண்டாம். பெர்ன் ஒப்பந்தத்தில் இந்தியா இருப்பதால் அமெரிக்க விதிநூலுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2012-ல் செய்த திருத்தத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. தவறான நோக்கத்தோடு டி.ஆர்.எம் பூட்டை உடைப்பதும், உரிமை பற்றிய தகவல்களை அனுமதியின்றி நீக்குவதும் தனிக் குற்றங்கள். இரண்டுக்கும் 2 ஆண்டு வரை சிறை. அதனால் வாட்டர்மார்க்கை அழித்துவிட்டு டெலிகிராம் குரூப்பில் போட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது பாதி தகவல்தான்.

அப்போ காசில்லாம ஆட வழி இருக்கா?

இருக்கு, அதுவும் ஒரு சண்டையில் கிடைத்த வழி. 2000-ல் விசார்ட்ஸ் 'ஓ.ஜி.எல்' என்ற திறந்த உரிமத்தைக் கொண்டுவந்து, தன் விதிகளின் மையப் பகுதியை மற்றவர்களும் எடுத்து விளையாட்டுகள் எழுத அனுமதித்தது. பாத்ஃபைண்டர் பிறந்ததே அந்த உரிமத்தில்தான். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்கும் புதிய வரைவு கசிந்தது. இந்த முறை கசிந்தது விதிநூல் இல்லை, நிறுவனத்தின் சொந்த ஒப்பந்தம். பலர் டி அண்ட் டி பியாண்ட் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் 27-ம் தேதி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இந்த உரிமத்தை நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. யார் பெயரைச் சொல்லணுமோ சொல்லிவிட்டு, யார் வேண்டுமானாலும் பகிரலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம்.

2024 பதிப்புக்கான விதித் தொகுப்பும் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தது. மொபைலில் டவுன்லோடு செய்து, ஆறு நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் குற்றமில்லை. எல்லா மந்திரங்களும் எல்லா அரக்கர்களும் அதில் இருக்காது, படங்கள் இருக்காது. ஆனால் ஒரு ஆட்டத்தைத் தொடங்கி நடத்தப் போதும். முழுப் புத்தகம் வேண்டுமென்றால் அச்சில் வாங்கலாம், அல்லது தளத்தில் அணுகலுக்குக் காசு கட்டலாம்.

அந்த முழுப் புத்தகத்தின் பி.டி.எஃப்-பை மட்டும் விசார்ட்ஸ் இன்னும் விற்கவில்லை.